சாட்சியும் சான்றும்

(சங்கத்தின் வெள்ளிவிழாவை ஒட்டித் திருவாலங்காட்டில் நடைபெற்ற இளைஞர் அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

வெள்ளிவிழா என்றால் சாதனைகளை எண்ணிப் பார்ப்பது மரபு. இரவுப் பள்ளியாகத் தொடங்கிய இச்சங்கம் எத்தனை பிள்ளைகளைக் கரையேற்றியுள்ளது என்பதை நமக்கு முன் பேசிய பெரியோர் எடுத்துரைத்தனர். அதனை மீண்டும் கூறி உங்கள் பொழுதைக் கவர நாம் விரும்பவில்லை. இந்த இருபத்தைந்து ஆண்டுகளில் நாம் செய்த ஒரு பிழையைப் பற்றியே பேச விழைகின்றோம். பெற்ற கல்வி எதற்கு என்பதை நமக்குக் கற்பித்தது அந்தப் பிழைதான்.

சங்கம் தொடங்கிய முதற் சில ஆண்டுகளில், நம் குடியிருப்பைச் சேர்ந்த தோழர் ஒருவருக்குக் காசநோய் கண்டது. பெயர் வேண்டா. அவர் கரும்பு வெட்டும் கூலித் தொழிலாளர். சளியைச் சோதித்துப் பார்த்த மருத்துவர், ஆறு மாதம் விடாது மாத்திரை உண்ண வேண்டும் என்று கூறி, அதனை விலையின்றியே வழங்கச் செய்தார். இரண்டு மாதங்களில் இருமல் அடங்கிற்று; பசி எடுத்தது; உடலில் சிறிது சதை பிடித்தது. அந்த வேளையில், தீராத நோயையெல்லாம் தீர்த்துவைப்பவர் எனப் பெயர்பெற்ற ஒருவரிடம் உறவினர் அவரை அழைத்துச் சென்றனர். அம்மனிதர் எச்சமயத்தைச் சார்ந்தவர் என்பது ஈண்டுப் பொருட்டன்று; எல்லாச் சமயங்களின் பெயராலும் இத்தகையோர் உளர். அவர் தோழரின் தலைமேல் கை வைத்தார். "நோய் போயிற்று, இனி மாத்திரை உண்டால் அருள் தங்காது" என்றார். தோழர் மாத்திரைகளை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். பின்னர் ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று, தாம் நலம்பெற்ற வரலாற்றைக் கண்ணீர் மல்கச் சாட்சி கூறினார்.

அப்போது நாம் என்ன செய்தோம்? கை தட்டினோம். சங்கப் பொறுப்பாளர் பலர் அக்கூட்டத்தில் இருந்தோம். படித்தவர்கள் தலையசைத்ததைக் கண்டு, படியாதவர்கள் உறுதியாக நம்பினர்.

சில மாதங்களில் இருமல் திரும்பிற்று. இம்முறை இரத்தத்தோடு வந்தது. பழைய மாத்திரைகளுக்கு நோய்க்கிருமி அடங்க மறுத்தது. ஓராண்டு முடியுமுன் அவர் மறைந்தார். அவருடைய மகளுக்கும் நோய் தொற்றியிருந்தது. அவள் முழு மருத்துவமும் பெற்றுப் பிழைத்தாள். தோழர் இறந்து மூன்றாண்டு கழிந்தபின், அரக்கோணத்திற்கு அப்பால் ஓர் ஊரில் ஒருவர் நம்மிடமே சொன்னார்: "உங்கள் திருவாலங்காட்டுப் பக்கத்தில் ஒரு காசநோய்க்காரர் தலையில் கை வைத்ததும் குணமாகிவிட்டாராமே!" மனிதர் மண்ணுக்குள் போய்விட்டார், அவர் கூறிய சாட்சியோ ஊர் ஊராக நடந்துகொண்டிருந்தது.

இதனை நினைக்குந்தோறும், இந்த மண்ணின் பழங்கதை ஒன்று நம் நெஞ்சில் எழுகின்றது. திருவாலங்காட்டை அடுத்த பழையனூரின் நீலி கதையை அறியாதார் இங்கே இலர். வணிகன் ஒருவனைப் பழிவாங்க வந்த நீலி, அவன் மனைவியைப் போல் உருக்கொண்டு, கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, பழையனூர் வேளாளர் எழுபதின்மர் முன் முறையிட்டாள். குழந்தை வணிகனைப் பார்த்துத் தந்தை என்று அழைத்தது. அவள் அழுதாள். அவையோர் நம்பினர். வணிகனிடமோ அவன் உயிரைக் காத்துவந்த மந்திர வாள் ஒன்று இருந்தது. அதனால் தன்னைக் கொன்றுவிடுவான் என்று அவள் முறையிடவே, வணிகனின் உயிருக்குத் தாங்கள் பிணை என்று சொல்லி, அவ்வாளை அவர்கள் வாங்கி வைத்துக்கொண்டனர். அன்றிரவே அவன் கொலையுண்டான். கொடுத்த சொல்லுக்காக எழுபதின்மரும் தீப்பாய்ந்தனர் என்று கதை முடிகின்றது. சாட்சி பூதேசுவரர் என்ற பெயரிலேயே ஒரு கோயில் இங்கே இருக்கின்றது.

இக்கதையைக் காட்டிப் பெண்ணின் கண்ணீரைப் பழிப்போர் உண்டு. நம் நோக்கம் அதுவன்று. அவையோர் செய்த இரண்டு பிழைகளையே நாம் காண வேண்டும். சாட்சியைக் கேட்டார்கள், சோதித்துப் பார்க்கவில்லை, இது முதற்பிழை. ஆபத்தில் இருந்தவனின் கையிலிருந்த ஒரே காவலையும் வாங்கிவிட்டார்கள்; இது இரண்டாம் பிழை. நம் தோழரின் கையிலிருந்த வாள் அந்த மாத்திரையே. அதனை அவர் கீழே வைத்தபோது நாமும் உடன்பட்டோம். பழையனூரார் தம் சொல்லுக்குத் தம் உயிரையே ஈடு கொடுத்தனர். நாம் கை தட்டிவிட்டு வீட்டுக்குச் சென்று உறங்கினோம். கை வைத்தவரும் யாதொன்றும் இழக்கவில்லை.

ஆகவே இளைஞர்களே, சாட்சி வேறு, சான்று வேறு என்பதை இன்று மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். ஒருவர் தாம் கண்டதாக, தமக்கு நேர்ந்ததாகக் கூறுவது சாட்சி. யார் சென்று பார்த்தாலும், நண்பர் பார்த்தாலும் பகைவர் பார்த்தாலும், அதுவே புலப்படுமாறு நிற்பது சான்று. சாட்சி கூறுபவர் பொய்யராக இருக்க வேண்டுவதில்லை. நம் தோழர் பொய் சொல்லவில்லை. அவர் அன்று உண்மையாகவே நலமாக இருப்பதாக உணர்ந்தார். அந்த நலத்தைத் தந்தது இரண்டு மாதம் உண்ட மாத்திரை என்பதைத்தான் அவர் அறியவில்லை.

பொய் கூறாதவரும் பிழையான சாட்சி கூற நேர்வது எவ்வாறு? காரணங்கள் சிலவற்றைக் காண்போம்.

முதலாவது, தானாகவே தீரும் நோய்கள் பல உண்டு. அசுத்தமான நீராலும் உணவாலும் வரும் மஞ்சள் காமாலை பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் தானே நீங்கும். அந்த வாரங்களில் மந்திரித்தவர்க்கும் புகழ் உண்டு. கண்ணில் சாறு பிழிந்தவர்க்கும் புகழ் உண்டு. ஒன்றும் செய்யாதிருந்தவர்க்கு மட்டுமே புகழில்லை. எல்லைக்கு அப்பாலுள்ள புத்தூருக்கு எலும்பு முறிந்தவர்களைக் கட்டுப்போட அழைத்துச் செல்வதை நாம் அறிவோம். முறிந்த எலும்பை ஒட்டவைப்பது உடம்பின் இயற்கை. அசையாமல் நேராக நிறுத்தி வைப்பதே கட்டின் வேலை. மாவுக்கட்டு ஆயினும் மூங்கில் பத்தை ஆயினும் விதி ஒன்றே. வளைந்து ஒட்டினாலும், இரத்த ஓட்டம் தடைப்பட்டாலும் கேடு விளையும் என்பதும் இரண்டுக்கும் பொதுவே.

இரண்டாவது, ஏறி இறங்கும் நோய்கள் உண்டு. ஈளை, மூட்டுவாதம், காக்காய் வலிப்பு ஆகியன சில நாள் மிகும்; சில நாள் தணியும். மனிதர் வழிபாட்டிடத்தையோ வைத்தியரையோ நாடுவது நோய் உச்சத்தில் இருக்கும்போதுதான். உச்சத்தில் இருப்பது அடுத்து இறங்கவே செய்யும். இறங்கியதை அருள் என்கின்றோம். மீண்டும் ஏறும்போது நம் பாவம் என்கின்றோம்.

மூன்றாவது, இல்லாத நோய் தீர்ந்ததாகக் கொள்வது. கடித்த நாயெல்லாம் வெறிநாய் அன்று; தீண்டிய பாம்பெல்லாம் நச்சுப்பாம்பும் அன்று; நச்சுப்பாம்பும் சில வேளை நஞ்சை இறக்காமல் கடிப்பதுண்டு. ஆகவே வேரைக் கட்டியவர் பத்துப் பேரில் சிலரைக் காப்பாற்றியதாகவே தோன்றும். ஆனால் வெறிநோயின் குறிகள் தோன்றிய பின் பிழைத்தவர் உலகத்தில் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. பாஸ்டர் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1885இல் ஒரு சிறுவனுக்கு இட்ட ஊசி, நோய் தோன்றுமுன் காக்கும் வழியைக் காட்டிற்று. நம் குன்னூரில் 1907லேயே அதற்கென ஒரு நிலையம் ஏற்பட்டது. நாய் கடித்தவுடன் சோப்பிட்டு நன்றாகக் கழுவி, காலந்தாழ்த்தாமல் ஊசி போட்டுக்கொள்வதே காப்பு. வேரை நம்பிப் போகும் ஒரு நாள், உயிரைக் கொள்ளும் நாளாகலாம்.

நான்காவது காரணமே மிகப் பெரிது. இறந்தவர் மேடைக்கு வருவதில்லை. நூறு பேர் சென்று ஐவர் தேறினால், அந்த ஐவரும் ஊர் ஊராகப் பேசுவர். எஞ்சிய தொண்ணூற்றைந்து பேரின் வீட்டில் துக்கம் இருக்கும், பேச்சிராது. எண்ணிக்கை எடுக்காத இடத்தில் ஐந்தும் நூறாகத் தோன்றும்.

நிற்க. எண்ணிக்கை எடுப்பது என்றால் என்ன என்பதற்கு நம் சென்னையிலேயே உயர்ந்த எடுத்துக்காட்டு உண்டு. காசநோய் ஒரு காலத்தில் எலும்புருக்கி எனப் பெயர் பெற்ற தீரா நோய். அதன் கிருமியைக் காக் என்னும் செர்மானிய அறிஞர் 1882இல் கண்டறிந்து அறிவித்தார். மருந்து கிடைக்க மேலும் அறுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. மருந்து வந்தபின்னும், நல்ல காற்றும் நல்ல உணவும் முழு ஓய்வும் உள்ள சானட்டோரியத்தில் மாதக்கணக்கில் படுத்திருந்தாலன்றிக் குணமாகாது என்பது மருத்துவ உலகின் நம்பிக்கை. அந்தப் படுக்கைகள் எத்தனை ஏழைகளுக்குக் கிட்டும்? 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் வேதிமருத்துவ மையம் இதனைச் சோதித்தது. நகரத்தின் ஏழை நோயாளர் 193 பேரை எடுத்துக்கொண்டனர். யாரை எங்கே வைப்பது என்பதை மருத்துவரின் விருப்பத்திற்கு விடவில்லை. சீட்டுக் குலுக்குவது போல் பிரித்தனர். ஒரு சாரார் சானட்டோரியத்தில். மறு சாரார் நெருக்கடியான தம் வீடுகளில். மருந்து இரு சாரார்க்கும் ஒன்றே. ஓராண்டு கழித்துச் சளியைச் சோதித்தனர். சானட்டோரியத்தில் நூற்றுக்கு 92 பேர் கிருமி நீங்கித் தேறியிருந்தனர். வீட்டில் நூற்றுக்கு 86 பேர். மருந்தை ஒழுங்காக உண்டால் குடிசையிலும் குணமாகலாம் என்பது இவ்வாறு நிலைநாட்டப்பட்டது. உலக நாடுகள் காசநோய் மருத்துவத்தை மாற்றிக்கொண்டன. அன்று குடிசையிலிருந்து இந்தச் சான்றை அளித்தவர்கள் நம்மைப் போன்ற மக்களே என்பதை மறவாதீர்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இந்த ஆய்வில் பெரிய மருத்துவர்களின் நம்பிக்கையே சோதனைக்கு உள்ளாயிற்று, தோற்கவும் செய்தது. அவர்கள் அதனை ஏற்றுக்கொண்டனர். தம் கூற்றைத் தாமே சோதனைக்கு நிறுத்துபவர்க்கும், சோதனை என்றதும் 'நம்பிக்கையில்லாதவன்' என்று சினப்பவர்க்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

நம் நாட்டு மருந்துகளைத் தாழ்த்தவே இப்பேச்சு என்று எவரும் எண்ண வேண்டா. நம் முன்னோடி அயோத்திதாசப் பண்டிதரே ஒரு சித்த மருத்துவர்தாம். கேள்வி நாட்டு மருந்தா, மேல்நாட்டு மருந்தா என்பதன்று; சோதிக்கப்பட்டதா என்பதே. கீழாநெல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். காமாலைக்கு அதனை அரைத்துக் கொடுக்காத ஊர் தமிழகத்தில் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்து அறிஞர் தியாகராஜனும் அவர்தம் குழுவினரும் அதனைச் சோதித்து, 1988இல் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டனர். பி வகைக் கல்லீரல் கிருமியைச் சுமப்போருள் 37 பேருக்கு மூலிகைப் பொடியும், 23 பேருக்கு மருந்தில்லாத வெறும் பொடியும் கொடுத்துப் பார்த்தனர். மூலிகை உண்டோரில் 22 பேரிடம் கிருமியின் அடையாளம் மறைந்தது. மற்றவருள் ஒருவரிடம் மட்டுமே மறைந்தது. செய்தி கேட்டு உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிற நாடுகளில் மீண்டும் சோதித்தபோது அத்தகைய பயன் காணப்படவில்லை. இதில் இழிவு எவர்க்கும் இல்லை. நம் தோட்டத்து மூலிகை உலகத்தின் முன் துலாக்கோலில் ஏறியது. எடை குறைந்தபோது அதுவும் வெளிப்படையாகக் கூறப்பட்டது. தாயத்துக் கட்டுவோர் எவரேனும் இவ்வாறு துலாக்கோலில் ஏறியதுண்டா?

தொழுநோயின் வரலாறும் இதனையே கூறும். முற்பிறவிப் பாவம் என்று கூறி, நோயாளரை ஊருக்கு வெளியே தள்ளினர். ஊருக்கு வெளியே தள்ளப்படுதல் என்றால் என்ன என்பதை நமக்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை. 1873இல் நார்வே நாட்டு ஆன்சன் அதன் கிருமியைக் கண்டார். 1940களில் செங்கல்பட்டை அடுத்த திருமணியில் காக்ரேன் என்னும் மருத்துவர் டாப்சோன் மருந்தைப் பயன்படுத்தினார். வேலூரில் பால் பிராண்ட் என்பார், விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, உணர்ச்சியற்ற கை சுடுவதையும் வெட்டுவதையும் அறியாமையாலேயே சிதைகின்றது என்று காட்டி, மடங்கிய விரல்களை அறுவையால் நிமிர்த்தினார். 1981இல் உலக நலவாழ்வு நிறுவனம் கூட்டு மருந்தைப் பரிந்துரைத்தது. இன்று ஆறு மாதமோ ஓராண்டோ மருந்துண்டு முற்றும் குணமாகின்றனர். ஆயிரம் ஆண்டுகள் 'பாவம்' என்றிருந்ததை மாத்திரை தீர்த்துவிட்டது. பாவம் என்ற சொல்லே பொய் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மயங்கிக் கூறுவோர் ஒருபுறமிருக்க, அறிந்தே ஏமாற்றுவோரும் உளர். அமெரிக்காவில் பீட்டர் போப்பாப் என்பவர், கூட்டத்தில் அமர்ந்திருப்போரின் பெயரையும் முகவரியையும் நோயையும் இறைவன் தமக்கு உரைப்பதாகக் கூறி, ஆயிரக்கணக்கானோரைக் கவர்ந்தார். 1986இல் செப்படி வித்தைக் கலைஞரான ஜேம்ஸ் ராண்டியும் தோழர்களும் வானொலிக் கருவி ஒன்றோடு அக்கூட்டத்திற்குச் சென்றனர். அவருடைய மனைவி, மக்கள் எழுதிக் கொடுத்த வேண்டுதல் அட்டைகளைப் பார்த்து, அவர் காதிலிருந்த சிறு கருவிக்குச் செய்தி அனுப்பியது அம்பலமாயிற்று. நமக்கு அண்மையில், கேரளத்தில் பிறந்து இலங்கையில் வாழ்ந்த ஆபிரகாம் கோவூர், ஏமாற்றுக்கு இடமில்லாத நிலையில் அற்புதம் செய்து காட்டுவோர்க்கு ஓர் இலட்சம் ரூபாய் தருவதாக 1963இல் அறிவித்தார். 1978இல் அவர் மறையும் வரை அதனை வென்றவர் எவருமில்லை.

நேர்மையான சமயத்தாரும் எண்ணிப் பார்க்க அஞ்சுவதில்லை என்பதையும் கூறவேண்டும். பிரான்சு நாட்டு லூர்து நகருக்கு 1858 முதல் கோடிக்கணக்கானோர் சென்று வந்துள்ளனர். அங்கே நலம்பெற்றதாகக் கூறுவோரை ஆராய மருத்துவர் குழு ஒன்றைத் திருச்சபையே வைத்துள்ளது. இத்தனை ஆண்டுகளில் அற்புதம் எனத் திருச்சபை ஏற்றது எழுபதுக்குச் சற்றே மேல். நம்புகின்ற திருச்சபையே இத்துணைத் தயங்குமாயின், ஊர்த்திடலில் ஒரே மாலையில் நூறு அற்புதம் என்று விளம்பரம் ஒட்டுவோரைப் பற்றி நாம் என்ன எண்ணுவது?

இவ்வாறெல்லாம் கூறிவிட்டு, அங்கே செல்லும் நம் மக்களை எள்ளி நகையாடினால், அது மற்றொரு பிழையாகும். அவர்கள் ஏன் செல்கின்றனர்? மருத்துவமனையில் அரைநாள் நின்றும் ஓர் இன்சொல் கிட்டாதபோது, கூலியை இழந்து மூன்று முறை அலைந்தும் நோயின் பெயரைக் கூட எவரும் விளக்காதபோது, ஒருவர் தலைமேல் கை வைத்து 'மகளே' என்று அழைக்கின்றார். தொட மறுக்கப்பட்ட மக்களுக்குத் தலைமேல் வைத்த ஒரு கையின் பொருள் என்ன என்பதை நாம் அறிவோம். கோயிலுக்குள் நுழையவே 1947ஆம் ஆண்டுச் சட்டம் வேண்டியிருந்த மக்கள் நாம். அந்தக் கை நோயைத் தீர்க்காது. ஆனால் அந்தக் கை கொடுத்த ஆறுதலை நாம் கொடுக்கவில்லை என்பதும் உண்மை.

கைவிடப்பட்டோரின் நம்பிக்கை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2001 ஆகத்து 6ஆம் நாள் நாடே கண்டது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோய் தீரும் என்று குடும்பத்தார் கொண்டுவந்து விட்டவர்களைத் தனியார் விடுதியொன்றில் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தனர். கொட்டகையில் தீப்பற்றியபோது ஓட முடியாமல் 28 பேர் மாண்டனர். அதன்பின் அத்தகைய விடுதிகளை அரசு மூடிற்று. அவர்களைக் கொன்றது வழிபாடன்று. சங்கிலியும், மருத்துவம் கிட்டாமையும், வீட்டாரின் சோர்வும், பார்த்தும் பாராதிருந்த அனைவரின் மௌனமும் அவர்களைக் கொன்றன.

சட்டம் நம் பக்கம் உண்டு. மருந்துகள் மற்றும் மாய மருத்துவம் பற்றிய 1954ஆம் ஆண்டின் நடுவணரசுச் சட்டம், புற்றுநோய், நீரிழிவு, வலிப்பு, வாதம், காசநோய், தொழுநோய் முதலியவற்றைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதைத் தடை செய்கின்றது. தாயத்து, மந்திரம், கவசம் ஆகியவற்றையும் அது பெயர் சொல்லியே குறிக்கின்றது. ஆயினும் சட்டப் புத்தகம் அலமாரியில் இருக்கின்றது. சுவரொட்டியோ தெருவில் இருக்கின்றது. இரண்டையும் படிக்கத் தெரிந்தவர்கள் நீங்களே.

இனி, செய்ய வேண்டுவது யாது? தீராத நோய் தீர்ந்தது என்று எவர் கூறினும், சினமின்றி, ஏளனமின்றி ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். நோய் இன்னதென்று எந்தச் சோதனையால் அறிந்தார்கள்? அதே காலத்தில் வேறு மருந்து உண்டாரா? அது தானே தீர்வதோ ஏறி இறங்குவதோ ஆன நோயா? அங்கே சென்றவர் எத்தனை பேர், குணமாகாதவர் எங்கே? ஆறு மாதமும் ஓராண்டும் கழித்து அதே சோதனை என்ன கூறிற்று? இவற்றுக்கு விடை கிடைத்தால் மகிழ்வோம். கிடைக்காவிடில் கை தட்டாதிருப்போம். இவையன்றி, மருந்தை நிறுத்து என்று ஒருவர் கூறிய அந்த நொடியே, அவர் வாளைப் பறிக்கின்றார் என்று அறிந்துகொள்ளுங்கள். வேண்டுதல் செய்பவர் செய்யட்டும். மாத்திரை மட்டும் நிற்கக் கூடாது.

அடுத்து, சங்கத்தில் ஒரு குறிப்பேடு வேண்டும். திருவாலங்காடு என்றதும் அறிஞர் உலகம் நினைப்பது 1905இல் இங்கே கிடைத்த இராசேந்திர சோழன் காலத்துச் செப்பேடுகளைத்தான். பழையனூரைக் கோயிலுக்குக் கொடுத்ததை எல்லைகளோடும் பெயர்களோடும் அவை பொறித்து வைத்தன. ஆயிரம் ஆண்டு கழித்தும் அதனைச் சோதித்துப் பார்க்க முடிகின்றது. எழுதி வைத்ததன் வலிமை அது. நம் குடியிருப்பில் யாருக்கு நெடுநாள் நோய், எந்த நாளில் மருந்து தொடங்கினர், அடுத்த சோதனை என்று என்பவற்றை, நோயாளரின் இசைவோடும் மறைவு காத்தும், எழுதி வையுங்கள். இரண்டாம் மாதத்தில் உடல் தேறி, மாத்திரை போதும் என்ற எண்ணம் வரும் நாளில், அவர் வீட்டு வாசலில் நம் இளைஞர் ஒருவர் நிற்க வேண்டும். அன்று நம் தோழரின் வாசலில் எவரும் நிற்கவில்லை.

வசதிகள் முன்பு போல் இல்லாமலும் இல்லை. காசநோய் மருந்து விலையின்றிக் கிடைக்கின்றது. 2018 முதல் சத்துணவுக்கென மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1000 ரூபாயும் நோயாளர்க்கு உரியன. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மருந்தை வீட்டிற்கே கொணரும் மக்களைத் தேடி மருத்துவம் 2021இல் தொடங்கிற்று. 2022 முதல் திருவள்ளூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கின்றது. படிவம் நிரப்பவும், வரிசையில் உடன் நிற்கவும், மருத்துவர் கூறியதை மீண்டும் விளக்கவும் ஒருவர் வேண்டும். வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில், நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு, அருகிருந்து பணிபுரிபவரையும் மருத்துவத்தின் ஒரு கூறாகவே வைத்தார். அந்த நான்காம் இடம் காலியாக இருக்கின்றது. அதனை நாம் நிரப்பாவிடில், தாயத்தோடு வருபவர் நிரப்புவார்.

உண்மையிலேயே தீராத நோயுற்றவர்க்கு என்ன கூறுவது என்று கேட்பீர்கள். உண்மையைக் கூறுவோம், தனியே விடமாட்டோம் என்பதையும் கூறுவோம். சென்னை அடையாற்றில் 1954இல் முத்துலட்சுமி ரெட்டியார் தொடங்கிய புற்றுநோய் நிலையமும், காஞ்சிபுரம் காரப்பேட்டையில் 1969இல் எழுந்த அண்ணா பெயரிலான புற்றுநோய் மருத்துவமனையும் உள்ளன. காலத்தில் சென்றால் தீரும் புற்றுகள் பல. காலங்கடந்து சென்றாலும் வலியைத் தணிக்க மருந்து உண்டு. குணம் என்ற பொய்யைக் காசுக்கு வாங்கி, காணி நிலத்தை விற்று, வலியோடு மடிவதைவிட, வலியின்றி, மக்கள் சூழ, தன் வீட்டில் கண்மூடுவது மேல்.

புத்தர்பிரான் காலாமர் என்னும் மக்களுக்குக் கூறிய அறிவுரையை நம் முன்னோர் போற்றினர். வழிவழி வந்தது என்பதற்காகவோ, பெரியவர் கூறினார் என்பதற்காகவோ ஏற்காதீர். நன்மை பயப்பதா எனத் தாமே ஆராய்ந்து ஏற்பீர் என்பது அதன் கருத்து. அண்ணல் அம்பேத்கர் நமக்குக் காட்டிய நெறியும் இதுவே. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், எழுத்தறிவு கொடுப்பதே நம் பணி என்று எண்ணினோம். எழுத்தறிந்த நாமே அன்று கை தட்டினோம். ஆகவே அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளின் பணி, கேட்கத் தெரிந்தவர்களை உருவாக்குவது.

நம் தோழரின் மகள், அன்று முழு மருத்துவமும் பெற்றுப் பிழைத்தவள், இன்று தாயாகி இருக்கின்றாள். அவளுடைய பிள்ளை நம் மாலை வகுப்பில் படிக்கின்றது. அவள் மேடையேறிச் சாட்சி கூறியதில்லை. ஆறு மாத மருந்தும், அதன்பின் எடுத்த சளிச் சோதனையும், இன்று நடமாடும் உடலுமே சான்று. அத்தகைய சான்றுகள் நம் குடியிருப்பில் பெருகுக.